கணக்கைச் சத்தமாகப் படியுங்கள்

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது என்பது பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. அந்தச் சட்டத்துக்கான முதல் கேள்வி எழுந்த இடத்தைப் பாடப் புத்தகம் சொல்வதில்லை. ராஜஸ்தானின் நடுவே, ஆரவல்லி மலைத்தொடரின் கரட்டு மேடுகளில், மண் வெட்டிக் கூலி வாங்கியவர்கள் கேட்ட கேள்வி அது. ‘நான் வேலை செய்யவில்லை என்று எந்தப் பதிவேட்டில் எழுதியிருக்கிறாய்? காட்டு.’

அந்த ஊர்களைப் பார்க்கத் தமிழ்நாட்டிலிருந்து ஒரு சிறு குழு பிப்ரவரியில் கிளம்பியது. திருவண்ணாமலைப் பக்கம் ஊராட்சிச் செயலராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், திண்டுக்கல் மாவட்டத்து மகளிர் குழுத் தலைவி, சமூகத் தணிக்கை வேலை பார்க்கும் இரண்டு இளைஞர்கள். தலைவி எல்லோருக்கும் அக்கா. செயலர் எல்லோருக்கும் சார். அக்காவுக்கு இந்தி ஒரு சொல்லும் தெரியாது. சாருக்குத் தெரிந்தது பஸ் போர்டு படிக்கும் அளவுக்கு. இளைஞர்களில் ஒருவர் புனேயில் படித்தவர் என்பதால் மொழிபெயர்ப்பு அவர் தலையில் விழுந்தது.

கிஷன்கட், திலோனியா

ஜெய்ப்பூரிலிருந்து அஜ்மீர் நோக்கிப் போகும் சாலையில் கிஷன்கட் நெருங்க நெருங்கக் காற்றே வெளுக்கிறது. இரு பக்கமும் பளிங்குக்கல் அறுக்கும் பட்டறைகள். அறுவையில் வரும் வெண்குழம்பை ஊருக்கு வெளியே கொட்டிக் கொட்டி அது மேடு மேடாகக் காய்ந்து கிடக்கிறது. பனிமலை மாதிரித் தெரிகிறது என்று கல்யாண ஜோடிகள் அங்கே வந்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

அங்கிருந்து கிளைச்சாலை. கடுகு பூத்து வயலெல்லாம் மஞ்சள். வரப்பில் நின்ற ஒரு மரத்தைப் பார்த்து சார் வண்டியை நிறுத்தச் சொன்னார். இலையைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, “வன்னிதான், சந்தேகமே இல்லை” என்றார். ஊரில் கோயில் பிராகாரத்தில் மட்டுமே பார்த்த மரம். இங்கே கேஜ்ரி என்கிறார்கள். தழை ஆட்டுக்கு, காய் கறிக்கு. நாலடி தள்ளிச் சீமைக்கருவேல். ராமநாதபுரத்தைப் பிடித்த அதே பிடி இங்கேயும்.

திலோனியாவில் 1972-ல் பங்கர் ராய் தொடங்கிய சமூகப் பணி ஆய்வு மையம் இருக்கிறது. வெறுங்கால் கல்லூரி என்றால் பலருக்குப் புரியும். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் சூரிய மின்விளக்குக்குச் சர்க்கியூட் பற்றவைக்கக் கற்றுக்கொள்ளும் இடம். இங்குள்ள பொம்மலாட்டப் பொம்மைகளில் பெயர்பெற்றவர் ஜோக்கிம் சாச்சா. உலக வங்கியின் பழைய அறிக்கைத் தாள்களை ஊறவைத்துச் செய்த காகிதக் கூழில் உருவானவை இந்தப் பொம்மைகள் என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். “அறிக்கைக்கு இதைவிட நல்ல உபயோகம் இருக்க முடியாது” என்றார் சார், முப்பது வருடம் அறிக்கை அனுப்பிய அலுப்பில்.

இங்கே ஒரு தமிழ்த் தொடர்பு உண்டு. 1946-ல் சென்னையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அருணா ராய், 1968-ல் ஐ.ஏ.எஸ். ஆனவர். எழுபதுகளின் நடுவில் அந்த வேலையை உதறிவிட்டுத் திலோனியாவுக்கு வந்தார். அருகிலுள்ள ஹர்மாடாவில் சாலை போட்ட பெண்கள் தங்களுக்குக் குறைந்தபட்சக் கூலி தரவில்லை என்று கிளம்பியபோது வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பஞ்ச நிவாரண வேலையானாலும் குறைந்தபட்சக் கூலியைக் குறைக்க முடியாது என்று 1983-ல் தீர்ப்பு வந்தது. அந்தப் போராட்டத்தின் முன்னணியில் நின்ற நௌர்தி பாய் பின்னாளில் அதே ஊருக்குப் பஞ்சாயத்துத் தலைவியானார்.

தீர்ப்பு வந்த பிறகும் கூலி குறைவாகவே வந்தது என்பதில்தான் அடுத்த ஊர்களின் கதை தொடங்குகிறது.

பியாவர்

அஜ்மீரில் காலைப் பலகாரம் கடி கச்சோரி. மொறுமொறு கச்சோரியை உடைத்து அதன் மேல் சூடான மோர்க்குழம்பை ஊற்றித் தருகிறார்கள். அக்கா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “இதுக்குப் போய் மோர்க்குழம்பை வீணாக்கணுமா?” என்றார். ஆனால் தட்டில் மிச்சம் வைக்கவில்லை.

பியாவரை 1836-ல் கட்டமைத்தவர் கர்னல் டிக்சன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி. சதுரமான மதில், சிலுவைபோல் வெட்டும் இரண்டு கடைவீதிகள், நான்கு வாசல்கள். பஞ்சு வியாபாரத்தால் தழைத்து, பிறகு ஆலைகள் மூடி வாடிய ஊர். தில்பட்டி என்னும் எள் மிட்டாய்க்கு இன்றும் பெயர்பெற்றது. கண்ணாடிபோல் மெல்லியதாக இழுத்து, மேலே பிஸ்தாச் சீவல் தூவி அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

அந்த நான்கு வாசல்களில் ஒன்று சாங் கேட். 1996 ஏப்ரல் 6 அன்று மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர்-விவசாயிகள் அமைப்பைச் சேர்ந்த கிராமத்தார் அங்கே தர்ணாவில் உட்கார்ந்தார்கள். அதற்கு ஓராண்டுக்கு முன் முதலமைச்சர் பைரோன் சிங் ஷெகாவத், பஞ்சாயத்து வேலைகளின் ஆவணங்களை மக்கள் நகல் எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டசபையில் அறிவித்திருந்தார். பத்திரிகையில் செய்தியும் வந்தது. அந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனால், ‘எங்களுக்கு உத்தரவு வரவில்லை’ என்ற பதில். அந்த உத்தரவைக் கேட்டுத்தான் தர்ணா. மக்களவைத் தேர்தல் நேரம். கட்சி மேடைகள் ஒரு பக்கம், இந்தத் தர்ணா ஒரு பக்கம். 40 நாள் நடந்தது. கிராமங்களிலிருந்து கோதுமை வந்தது. சந்தைக்காரர்கள் காய்கறி கொடுத்தார்கள். ஊர்த் தொழிற்சங்கங்கள் சேர்ந்துகொண்டன.

வாசலருகே டீக்கடையில் ஒரு முன்னாள் ஆலைத் தொழிலாளியிடம் பேச்சுக் கொடுத்தார்கள். முதல் சில நாள் ஊர்க்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை என்றார் அவர். தர்ணா என்றால் கூலி உயர்வு கேட்பார்கள், தண்ணீர் கேட்பார்கள். “இவங்க காகிதம் கேட்கிறாங்களேன்னு சிரிச்சோம். பத்து நாள் கழிச்சு எங்களுக்கும் அந்தக் காகிதம் வேணும்னு தோணிப்போச்சு.” நகராட்சி போட்ட சாலைக்கு எத்தனை மூட்டை சிமென்ட் என்று அவர்களும் கேட்கத் தொடங்கினார்களாம்.

அந்தக் காலத்தில் சுசீலா என்ற உறுப்பினர் டெல்லிப் பத்திரிகையாளர்களிடம் சொன்ன பதிலை இங்கே பலரும் திரும்பச் சொல்கிறார்கள். நாலாம் வகுப்பு படித்த உனக்கு எதற்குத் தகவல் உரிமை என்று கேட்டபோது அவர் சொன்னதன் சாரம் இது: பத்து ரூபாய் கொடுத்து மகனைக் கடைக்கு அனுப்பினால் வந்ததும் கணக்குக் கேட்கிறேன், என் பெயரில் கோடி கோடியாகச் செலவழிக்கும் அரசாங்கத்திடம் கேட்க மாட்டேனா?

பீம்

பியாவரிலிருந்து உதய்ப்பூர் போகும் நெடுஞ்சாலை மலை ஏறுகிறது. கல்லை அடுக்கிக் கட்டிய தாழ்ந்த மதில்கள், நடுவே கையகலக் கோதுமைப் பாத்திகள். மழை பொய்த்தால் ஆண்கள் குஜராத்துக்கும் மும்பைக்கும் கிளம்பிவிடுவார்கள். ஊரில் மிஞ்சுபவர்கள் பெண்களும் முதியவர்களும். பஞ்ச நிவாரண வேலையில் பெண்கள் கூட்டம் மிகுந்ததற்கு அதுவே காரணம்.

1990 மே 1 அன்று பீமில்தான் சங்கதன் தொடங்கப்பட்டது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் குறைந்தபட்சக் கூலிக்காக இதே ஊரில் போராட்டம், உண்ணாவிரதம். அதிகாரிகளின் பதில் மாறவே இல்லை: ‘நீங்கள் வேலையை முழுசாகச் செய்யவில்லை, பதிவேடு அப்படித்தான் சொல்கிறது.’ பதிவேட்டைக் காட்டச் சொன்னால் அது அரசாங்க ரகசியம். 1923-ல் வெள்ளைக்காரன் போட்ட அலுவலக ரகசியச் சட்டம், குளம் வெட்டிய கூலிப் பட்டியலுக்கும் காவல் நின்றது.

சங்கதன் இங்கே ஒரு மளிகைக்கடையும் நடத்தியது. லாபத்தைக் குறைத்து, விலையை வெளிப்படையாகச் சொல்லி விற்றதால் சந்தையில் மற்ற கடைகளும் விலையை இறக்க வேண்டியிருந்தது. அக்காவுக்கு இந்தச் செய்தி பிடித்துப்போனது. அவருடைய மகளிர் குழு சாம்பார்ப் பொடி விற்கிறது. எத்தனை விழுக்காடு லாபம் வைத்தார்கள், கடன் கொடுத்தார்களா என்று துருவித் துருவிக் கேட்டார்.

1994 டிசம்பர் 2 அன்று, அப்போது பாலி மாவட்டத்திலிருந்த கோட்கிரானாவில் முதல் ஜன் சுன்வாயி நடந்தது. மக்களே கூடி விசாரிக்கும் பொது விசாரணை. எப்படியோ கிடைத்த மஸ்டர் ரோல் என்னும் வருகைப் பதிவேட்டின் நகல்களை, பில்களை, வவுச்சர்களை ஒலிபெருக்கியில் படித்தார்கள். வேலைக்கே வராதவர்கள் கூலி வாங்கியதாக இருந்தது. அடுத்தடுத்த கூட்டங்களில் செத்தவர்கள் மண் சுமந்திருந்தார்கள், கட்டாத கட்டடத்துக்குப் பில் போயிருந்தது. 1998-ல் குக்கர்கேடாவில் நடந்த விசாரணையில் பஞ்சாயத்துத் தலைவி லட்ச ரூபாயைக் கூட்டத்தின் முன்னால் திருப்பிக் கொடுத்தார்.

தேவ்டூங்ரி

நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் சின்ன கிராமம். 1987-ல் அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் சங்கர் சிங்கின் குடும்பத்தோடு வந்து தங்கிய மண்வீடு இங்கேதான். சாணி மெழுகிய தரை, நாட்டு ஓட்டுக்கூரை, முற்றத்தில் விறகடுப்பு. சங்கதன் வெளி நிறுவனங்களிடம் நிதி வாங்குவதில்லை. முழுநேர ஊழியர்கள் அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியையே சம்பளமாக எடுத்துக்கொள்கிறார்கள். கூலிக்காரர்களுக்காகப் பேசுகிறவர் கூலிக்காரர் வாங்குவதையே வாங்க வேண்டும் என்பது கணக்கு.

மதியச் சாப்பாடு அந்த முற்றத்திலேயே. மக்காச்சோள ரொட்டி, பூண்டும் மிளகாயும் இடித்த துவையல், மோர். ரொட்டியைத் தட்டியவர் அறுபது வயது தாண்டிய பெண். அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு உருண்டையை வாங்கித் தட்டிப் பார்த்தார். விளிம்பு விரிந்து பிளந்தது. அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் அக்காவின் கையைப் பிடித்து, உள்ளங்கைக் குழிவால் விளிம்பை மூடி மூடிச் சுற்றக் காட்டினார். மூன்றாவது ரொட்டி தேறியது. பிறகு இரண்டு பேரும் மொழியில்லாமலேயே பேசிக்கொண்டார்கள். கை காய்ப்பு, கடப்பாரை, முழங்கால் வலி என்று அபிநயத்திலேயே நூறு நாள் வேலை முழுக்க அங்கே விவரிக்கப்பட்டுவிட்டது.

மலையோர கிராமம் ஒன்று

மறுநாள் பக்கத்துக் கிராமத்தில் சிறு விசாரணைக் கூட்டம். பள்ளி மைதானத்தில் ஷாமியானா, தரையில் ஜமுக்காளம், ஒரு மேஜை, ஒரு மைக். முன்வரிசையில் சிவப்பும் மஞ்சளுமாக ஓட்னி போட்ட பெண்கள். பின்னால் தலைப்பாகைகள். பக்கவாட்டில் நாற்காலியில் பஞ்சாயத்துத் தலைவர், செயலர், வட்டார அலுவலகத்தின் ஒரு பொறியாளர். ஆரம்பத்தில் டோலக் அடித்துப் பாட்டு. யார் வாயையும் மூடவிடாத பாட்டு.

அதன் பிறகு நடந்ததில் நாடகம் எதுவும் இல்லை. ஓர் இளம்பெண் எழுந்து தாளைப் பார்த்துப் படித்தாள். வேலையின் பெயர், மதிப்பீடு, செலவு, நாள். அடுத்து ஒவ்வொரு பெயராக. பெயர், தந்தை பெயர், எத்தனை நாள், எவ்வளவு ரூபாய். ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவே நிறுத்தினாள். அந்த நிறுத்தத்தில் கூட்டம் வேலை செய்தது. ‘சரி’ என்று குரல் வரும். அல்லது சிரிப்பு வரும். அல்லது யாராவது எழுந்திருப்பார்கள்.

ஒரு பெயருக்கு ஒரு கிழவி எழுந்தார். அந்தப் பதினைந்து நாளும் மகளின் பேறுகாலத்துக்காக வேறூரில் இருந்தேன் என்றார். வேலையை மேற்பார்த்த மேட் குறுக்கிட்டார்: “அம்மா, பணம் உங்க கணக்குக்குத்தானே வந்திருக்கு?” கிழவி மைக்கைக் கேட்டு வாங்கினார். “கணக்கு என்னுது. பாஸ்புக் உன் வீட்டுல இருக்கு, தம்பி.” மைதானம் அதிர்ந்தது. பாஸ்புக் அன்று மாலைக்குள் வந்து சேர்ந்தது.

பென்ஷன் பட்டியலுக்கு வந்தபோது, ‘இறந்துவிட்டார்’ என்று எழுதியிருந்த ஒருவர் தானே எழுந்து நின்று கும்பிட்டார். இது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. ராஜசமந்த் மாவட்டத்தில் உயிரோடிருக்கும் முதியவர்களைப் பதிவேட்டில் சாகடித்துப் பென்ஷனை நிறுத்தியதைச் சில ஆண்டுகளுக்கு முன் இதேபோல வாசித்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

சார் கூட்டத்தைப் பார்க்கவில்லை, பொறியாளரின் கையிலிருந்த எம்-புக் என்னும் அளவுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தணிக்கைக்காரர் ஊராட்சிக்கு வந்தால் பார்ப்பது கையெழுத்து, முத்திரை, கூட்டல் கழித்தல். எல்லாம் சரியாக இருக்கும். “அந்தப் பதினஞ்சு நாள் கிழவி ஊரில் இல்லைங்கிறது எந்த ஆடிட்டருக்கும் தெரியாது. அவங்க பக்கத்து வீட்டுக்காரிக்குத்தான் தெரியும்” என்றார் பிறகு. முழுப் பயணத்திலும் குழு கேட்ட மிகத் துல்லியமான விளக்கம் அதுதான்.

விஜய்புரா

இந்தப் பஞ்சாயத்தின் பெயர் பரவியதற்குக் காரணம் அதன் சுவர்கள். 2005-ல் சங்கதனைச் சேர்ந்த ஒரு தலித் தொழிலாளி இங்கே தலைவரானார். எந்த வேலைக்கு எவ்வளவு வந்தது, யாருக்கு எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி என்று பஞ்சாயத்துக் கட்டடச் சுவரிலேயே பெயிண்டில் எழுதிவைக்கும் வழக்கம் அந்தக் காலத்தில் வேரூன்றியது. படிக்கத் தெரியாதவர்களுக்கு என்ன பயன் என்று இளைஞர் கேட்டார். படிக்கத் தெரிந்த பேரன் நின்று படித்தால் போதும், பாட்டி காதில் விழுந்துவிடும் என்று பதில் வந்தது.

சுவரில் கணக்கு எழுதுவது தமிழருக்கு வியப்பாக இருக்கக் கூடாது. உத்திரமேரூர்க் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்து விதிகள் கல்லிலேயே இருக்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர்கள் என்கிறது அந்தக் கல்வெட்டு. அந்தச் சபை பிராமண ஊரின் சபை, நிலமும் வேதப் பயிற்சியும் உள்ள ஆண்களுக்கானது. விஜய்புராச் சுவரில் இருப்பது கூலிக்காரப் பெண்களின் பெயர்.

இன்னொரு கணக்கும் உண்டு. இந்தியாவில் தகவல் உரிமைச் சட்டத்தை முதலில் நிறைவேற்றிய மாநிலம் தமிழ்நாடு, 1997-ல். ராஜஸ்தான் நிறைவேற்றியது 2000-ல். ஆனால் தமிழ்நாட்டுச் சட்டம் மேலிருந்து வந்தது, விதிவிலக்குகளால் நிறைந்திருந்தது, கேட்டு வாங்க ஊரில் ஆளில்லை. எந்தக் கிராமமும் அதற்காக நாற்பது நாள் தெருவில் உட்காரவில்லை. குழுவில் ஒருவருக்கும் அந்தச் சட்டம் நினைவில் இல்லை. செயலராக இருந்த சாருக்கும்.

ஜெய்ப்பூர்

தலைநகரில் 1997-ல் சங்கதன் 53 நாள் தர்ணா நடத்தியது. முடிவில் துணை முதலமைச்சர் ஒரு செய்தியை வெளியிட்டார்: நீங்கள் கேட்கும் உத்தரவு ஆறு மாதத்துக்கு முன்பே அரசிதழில் வந்துவிட்டதே! தகவல் உரிமைக்கான உத்தரவையே யாருக்கும் தெரிவிக்காமல் வைத்திருந்தார்கள்.

அங்கிருந்து இப்போதைய ஜெய்ப்பூர் வெகுதூரம் வந்திருக்கிறது. புகார் கொடுத்தவரைக் குறித்த காலத்துக்குள் நேரில் கேட்டாக வேண்டும் என்று 2012-ல் ஒரு சட்டம். 2019 செப்டம்பர் 13 அன்று ஜன் சூச்னா என்ற இணையதளம். ரேஷன், பென்ஷன், வேலைக் கூலி என்று பஞ்சாயத்து வாரியாக, மனுப் போடாமலேயே யாரும் பார்க்கலாம். எந்தத் தகவல் எந்த வடிவில் வேண்டும் என்பதை அதிகாரிகளும் களப்பணியாளர்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்கள். 2023 ஜூலையில், உணவும் பொருளும் கொண்டுவரும் செயலித் தொழிலாளர்களுக்கு நாட்டிலேயே முதல் சட்டமும் இங்கே வந்தது. அதன் பின்னாலும் இதே கூட்டத்தாரின் உழைப்பு உண்டு. ஆனால் தவறிய அதிகாரிக்குத் தண்டனை வேண்டும் என்று 2015 டிசம்பரில் தொடங்கி 100 நாள் மாநிலம் முழுக்க யாத்திரை போய்க் கேட்ட பொறுப்புடைமைச் சட்டம் மட்டும் கைகூடவில்லை.

கடைசி மாலை தால் பாட்டி என்னும் ராஜஸ்தானி உணவைச் சாப்பிட்டுக்கொண்டே பேசியபோது உள்ளூர் நண்பர்களின் பேச்சில் கவலை தெரிந்தது. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்துகிறது. முன்பு, பொதுப் பணியோடு தொடர்பில்லாத தனிப்பட்ட தகவலை மட்டுமே மறுக்கலாம். திருத்தத்தின்படி, தனிநபர் தகவல் என்பதே மறுக்கப் போதுமான காரணம். பொதுநலன் இருந்தால் 8(2) பிரிவில் கொடுக்கலாமே என்கிறது அரசு. கொடுக்கலாமா என்று முடிவு செய்யப்போவது அதே அலுவலகம் என்கிறார்கள் இவர்கள். கிழவியின் பெயர், வேலை நாள், வாங்கிய கூலி எல்லாமே தனிநபர் தகவல்தான். அவற்றை நீக்கிவிட்டால் அன்றைய கூட்டத்தில் அந்தப் பெண் படிப்பதற்கு மொத்தத் தொகை மட்டுமே மிஞ்சும். மொத்தத் தொகையைக் கேட்டு எந்தப் பக்கத்து வீட்டுக்காரியும் எழுந்து நிற்க முடியாது.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்க வேண்டும். ஊராட்சியின் வரவு செலவு அந்தக் கூட்டப் பொருளில் எப்போதும் உண்டு. பெரும்பாலும் ‘படிக்கப்பட்டு ஏற்கப்பட்டது’ என்று தீர்மான நோட்டில் ஒரு வரியாக முடிந்துவிடும். அடுத்த கூட்டத்துக்கு நீங்கள் போனால், மைக்கைப் பிடித்திருப்பவரிடம் மொத்தத் தொகையோடு நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். வேலை வேலையாக, பெயர் பெயராக, ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் ஒரு நொடி நிறுத்திப் படிக்கச் சொல்லுங்கள்.